ஓடந்துறை முதல் முளங்குன்னத்துக்காவு வரை: ஊராட்சித் திட்டமும் அதற்கான பணமும்

முதல் நாள்: மேட்டுப்பாளையம், ஓடந்துறை

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு போகும் வழியில், பாக்குத் தோப்புகள் தொடங்கும் பகுதியில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. கோவை மாவட்டம், காரமடை ஒன்றியம். பவானி ஆறும் நீலகிரி அடிவாரமும் பக்கத்திலேயே. சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் ஊராட்சி என்று பத்திரிகைகள் பலமுறை எழுதிய ஊர் இதுதான். ஆனால் காற்றாலை இங்கே இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, உடுமலைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. அதை நாளைக்குப் பார்ப்போம். ஒரு ஊராட்சிக்கு ஏன் காற்றாலை தேவைப்பட்டது என்ற கணக்கை இன்று போட்டுவிடலாம்.

500 பேர் வாழும் ஒரு குக்கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். மொத்தம் 27,500 லிட்டர். அதற்கு 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று போதும். தொட்டி கட்டத் திட்டத்தில் பணம் வரும், ஆழ்துளைக் கிணற்றுக்கும் வரும், குழாய்க்கும் வரும். மோட்டார் ஓடும் மின்சாரத்துக்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் பணம் வராது. நீர்மட்டமும் தொட்டி உயரமும் சேர்த்து 100 மீட்டர் ஏற்ற வேண்டுமென்றால், 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் மணிக்கு 6,500 முதல் 7,000 லிட்டர் வரை தள்ளும். தொட்டி நிரம்ப நாலரை மணி நேரம், சுமார் 20 யூனிட். ஆண்டுக்கு 7,300 யூனிட். கோடையில் நீர்மட்டம் 50 மீட்டர் இறங்கினால் அதே தொட்டிக்கு ஏழு மணி நேரம், 30 யூனிட். தண்ணீர் குறையக் குறையக் கரண்ட் பில் ஏறும். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் ஓட்டினால் காயில் கருகும். பிறகு பைப் ஏற்றி இறக்கும் கூலி, காயில் கட்டும் செலவு எல்லாம் ஊராட்சி தலையில்தான் விழும்.

தெருவிளக்கையும் இதோடு சேர்க்க வேண்டும். பழைய 40 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும். நூறு விளக்கு, இரவு 12 மணி நேரம் என்றால் 60 யூனிட். 20 வாட் எல்.இ.டி. போட்டால் 24 யூனிட். ஆண்டுக்கு 13,000 யூனிட் மிச்சம். திட்டம் போட உட்காரும் எந்த ஊராட்சியும் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இது. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை, செலவு உடனே குறையும்.

ஓடந்துறையில் நடந்ததும் இதே கதைதான். பெரிய குடிநீர்த் திட்டம் வந்தது, வீடுகள் பெருகின, மின்கட்டணம் பலமடங்கு ஏறியது. தமிழ்நாட்டு ஊராட்சிகள் மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குச் செலுத்தும் தொகைக்கும் கணக்கு எண் 2 என்று தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கின்றன. வீட்டு வரி முதலிய பொது வருவாய் கணக்கு எண் 1-இல் சேரும். திட்டப் பணம் வேறு கணக்கு. ஓர் ஊராட்சியின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால் திட்டப் பணத்தைப் பார்க்காதீர்கள். கணக்கு எண் 2-இல் எத்தனை மாதப் பாக்கி என்று கேளுங்கள்.

1996-இல் தலைவரான ஆர். சண்முகம் காலத்தில் முதலில் முயன்றது மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து எஞ்சின் ஓட்டும் கலன். 2003-இல் வந்தது, 9 கிலோவாட், குடிநீர் மோட்டார் ஓட்ட. இத்தகைய கலனில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ விறகு வேண்டும். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் வாயுவோடு தார் சேர்ந்து வந்து எஞ்சின் வால்வில் ஒட்டும். வடிகட்டியை நாள்தோறும் சுத்தம் செய்யவும், விறகைக் கைமுட்டி அளவுக்கு வெட்டிக் காயவைக்கவும் தனி ஆள் தேவை. நாட்டில் பல ஊர்களில் இந்தக் கலன்கள் துருப்பிடித்துக் கிடப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. அந்த ஆளின் சம்பளத்தை யாரும் திட்ட அறிக்கையில் எழுதவில்லை.

இரண்டாம் நாள்: உடுமலை, மைவாடி

பழனி – உடுமலை ரயில் பாதையில் மைவாடி ரோடு என்று ஒரு நிலையமே உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் சமவெளி. ஆனி, ஆடியில் இங்கே குடை பிடிக்க முடியாது. இப்போது மாசி, இறக்கைகள் சோம்பலாகச் சுற்றுகின்றன. ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி வைகாசி முதல் புரட்டாசி வரை நான்கைந்து மாதங்களில் வந்துவிடும்.

ஓடந்துறையின் காற்றாலை 350 கிலோவாட். 2006-இல் நிறுவப்பட்டது. செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் என்று எதிர்பார்த்தார்கள். 350 கிலோவாட் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 30.66 லட்சம் யூனிட் வரும். அதில் இது 22 சதவீதம். உடுமலைக் காற்றுக்கு இது நியாயமான மதிப்பீடு, மிகைப்படுத்தியது அல்ல. ஊராட்சியின் சொந்தத் தேவை 4.5 லட்சம் யூனிட், மீதி மின்வாரியத்துக்கு. ஆண்டுக்கு சுமார் 19 லட்சம் ரூபாய் என்று அப்போது சொல்லப்பட்டது. வட்டியைச் சேர்க்காமலே கடன் அடைய ஆறு ஆண்டு.

இந்த ஆறு ஆண்டில்தான் சிக்கல் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் பதவி ஐந்தாண்டு. அடுத்த தேர்தலில் தொகுதி இட ஒதுக்கீட்டில் மாறலாம், புதியவர் வரலாம். கடனோ அதைவிட நீளம். ஒரு தலைவர் கையெழுத்திட்ட கடனை அடுத்தவர் கட்டுவார் என்று எந்த வங்கி நம்பும்? ஓடந்துறையில் 40 லட்சம் சேமிப்பு இருந்ததால் வங்கி நம்பியது. பாராட்டுக் கட்டுரைகள் காற்றாலையைப் படம் போடுகின்றன. அதற்கு முந்தைய பத்தாண்டில் வரி வசூலித்து, செலவைக் கட்டுப்படுத்தி, 40 லட்சம் சேர்த்ததை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. மற்ற ஊராட்சிகள் பின்பற்ற வேண்டியது அந்தப் பத்தாண்டை.

தமிழ்நாட்டில் இந்தத் தொடர்ச்சி அடிக்கடி அறுபடுகிறது. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக் காலத்துக்குப் பிறகு 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட 27 மாவட்டங்களின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கையில் போயின. மின்கட்டணம் கட்டுவது, குப்பை எடுப்பது எல்லாம் நடக்கும். ஐந்தாண்டுத் திட்டம் எழுதவோ கடன் வாங்கவோ தனி அலுவலருக்கு என்ன அவசியம் இருக்கிறது? அதுமட்டுமல்ல, மத்திய நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புக்கே உரியது. தேர்தல் இல்லையென்றால் பணமும் நின்றுவிடும். 2016–19 இடைவெளியில் அது நின்றது. கிராம வளர்ச்சிக்குச் செய்யக்கூடிய முதல் உதவி குறித்த காலத்தில் தேர்தல் நடத்துவது.

அந்த நிதிக்குழு மானியத்தின் உள்பிரிவையும் சொல்லிவிட வேண்டும், கிராம சபையில் கேள்வி கேட்க உதவும். 15-ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் வந்த பணத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 சதவீதம் கட்டற்ற நிதி, ஊரின் விருப்பத்துக்கு, சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் தொடக்கூடாது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் மூன்றுக்கும் 80:15:5 என்று பங்கு.

மூன்றாம் நாள்: பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், பெருமாட்டி

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாக எல்லை தாண்டினால் கேரளத்தின் சித்தூர் தாலுகா. தென்னை அதே தென்னை, பேச்சும் பாதி தமிழ்தான். ஊராட்சி மட்டும் வேறு மாதிரி இயங்குகிறது. பெருமாட்டி ஊராட்சியின் பெயர் வெளியில் தெரிந்தது பிளாச்சிமடைக் குளிர்பான ஆலை விவகாரத்தில். 2003-இல் அந்த ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது இந்த ஊராட்சிதான். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

கேரளத்தில் கிராம சபை என்பது வார்டு சபை. வார்டுக்கு ஒன்று கூடும், வார்டு உறுப்பினர்தான் அதைக் கூட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்டியாக வேண்டும். தொடர்ந்து இருமுறை கூட்டத் தவறினால் பதவியே போகும் என்று சட்டத்தில் இருக்கிறது. வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு 2022-இல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்தன. நாள் கூடியது நல்லதுதான். ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளும் ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. வேளாண் உதவி அலுவலரோ மின்வாரியப் பொறியாளரோ எத்தனை ஊருக்குப் போக முடியும்? ‘துறைக்கு அனுப்பப்படும்’ என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கூட்டம் முடிகிறது. பதினைந்து குக்கிராமம் உள்ள ஊராட்சியில் கடைசிக் குக்கிராமத்துப் பெண்கள் ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்து, உட்கார இடமில்லாமல் பந்தலுக்கு வெளியே நிற்பதும் உண்டு. அவர்கள் தெருக் குழாய் பற்றிப் பேச வாய்ப்பே வராது.

பணப் பங்கீட்டிலும் இந்தக் குறை இருந்தது. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று சமமாகக் கொடுத்தது. ஒற்றைக் குக்கிராம ஊராட்சிக்கும் அதே தொகை, முப்பது குக்கிராம ஊராட்சிக்கும் அதே தொகை. பெரிய ஊராட்சிகளில் தாய்க்கிராமத்தில் செலவழிந்து முடிந்தது. 2011-இல் வந்த ‘தாய்’ (THAI) என்ற குக்கிராம மேம்பாட்டுத் திட்டம் குக்கிராமத்தை அலகாக எடுத்தது, மாநிலத்தில் அவை 79,394. சரியான திருத்தம். சபையையும் அதே அலகுக்கு இறக்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கேரள வார்டு சபையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீடு, கறவை மாடு, கழிப்பறை போன்ற தனிநபர் உதவிக்கு விண்ணப்பங்கள் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தப்படும். நிலமற்றவரா, விதவை தலைமையிலான குடும்பமா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. சபை ஒப்புக்கொண்ட முன்னுரிமை வரிசையை ஊராட்சி மன்றம் மாற்ற முடியாது. 17-ஆம் இடத்தில் இருப்பவருக்கு இந்த ஆண்டு 12 பேருக்குத்தான் பணம் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஏமாற்றம்தான். ஆனால் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

நான்காம் நாள்: முளங்குன்னத்துக்காவு

திருச்சூருக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டர். கேரள உள்ளாட்சி நிர்வாக நிறுவனமான கிலா இங்கே இருக்கிறது, 1990-இல் தொடங்கியது. ஊராட்சி உறுப்பினர் முதல் மாவட்டத் தலைவர் வரை பயிற்சிக்கு வருமிடம்.

கேரளம் இந்த வழிக்கு வந்தது 1996 ஆகஸ்ட் 17, மலையாளச் சிங்ஙம் மாதம் ஒன்றாம் தேதி. மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிய நாள். மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்தார்கள். பயிற்சி முடியட்டும், கணக்கர் வரட்டும், பிறகு பணம் என்று காத்திருக்கவில்லை. பணத்தை முதலில் அறிவித்தார்கள். திட்டம் எழுத வேண்டிய நெருக்கடி ஊராட்சிக்குத் தானாக வந்தது. ஒதுக்கீட்டின் அளவு ஆண்டுக்காண்டு மாறியிருக்கிறது, இப்போதும் கால் பங்குக்கு மேல் போகிறது.

மாநில பட்ஜெட்டோடு நான்காம் பின்னிணைப்பு என்று ஒரு புத்தகம் வரும். 941 கிராம ஊராட்சிகளில் ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஆண்டு எவ்வளவு என்று ஊர் பெயரோடு அச்சிட்டிருக்கும். பொதுப்பிரிவு, பட்டியலினத் துணைத்திட்டம், பழங்குடித் துணைத்திட்டம் தனித்தனி வரிகள். இதோடு பராமரிப்பு நிதி தனி, அதிலும் சாலைக்கு ஒரு தொகை, சாலையல்லாதவற்றுக்கு ஒரு தொகை. பொது நோக்க நிதி வேறு. பராமரிப்பு நிதி கேட்க ஊராட்சி தன் சொத்துப் பதிவேட்டைச் சரியாக வைத்திருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத சாலைக்குப் பணம் போட முடியாது. ஓடந்துறை தன் சொந்தச் சாமர்த்தியத்தால் தேடிக்கொண்ட இயக்கச் செலவை இங்கே நிதி அமைப்பிலேயே ஒரு தலைப்பாக வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு கேரளத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அந்த அச்சிட்ட பட்டியலைத்தான் சொல்வோம். எவ்வளவு பணம் என்று தெரியாமல் கூடும் சபை விருப்பங்களை எழுதித் தள்ளும். தெரிந்து கூடும் சபை எதை விடுவது என்று பேசும். திட்டமிடல் என்பது அந்தப் பேச்சுதான்.

வேலை நடக்கும் வரிசை இது. ஊராட்சியின் வளர்ச்சி அறிக்கை முதலில்: நிலம், நீர், பள்ளி, நோய், வேலை பற்றிய புள்ளிவிவரமும் கடந்த திட்டங்களின் நிலையும். பிறகு துறைவாரிச் செயற்குழுக்கள்: வேளாண்மை, குடிநீர், சுகாதாரம், மகளிர் என்று. ஒவ்வொன்றிலும் மக்கள் பிரதிநிதி, துறை அலுவலர், ஊரில் இருக்கும் நிபுணர்கள். அவர்கள் வரைவை வார்டு சபைகள் பேசும். அதன்பின் ஒரு நாள் வளர்ச்சிக் கருத்தரங்கு, வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்தவர்கள் வந்து முன்னுரிமை வகுப்பார்கள். ஊராட்சி மன்றம் இறுதி செய்து, சுலேகா மென்பொருளில் ஏற்றி, மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பும். குறைந்தது 10 சதவீதம் மகளிர் திட்டத்துக்கும், ஒரு பங்கு குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கோளாறுகளையும் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான எஸ்டிமேட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி தர அரசுப் பொறியாளர்களால் முடியவில்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் பேராசிரியர்களையும் திரட்டித் தன்னார்வத் தொழில்நுட்பப் படை என்று அமைத்துச் சமாளித்தார்கள். ஒப்பந்ததாரரை ஒழிக்கப் பயனாளிகள் குழுவே வேலையைச் செய்யட்டும் என்றார்கள். நல்ல எண்ணம். பல ஊர்களில் குழுத் தலைவர் பெயரில் பழைய ஒப்பந்ததாரரே வேலை செய்தார். காரணம் எளிது: முன்பணம் போட்டு ஜல்லி, சிமென்ட் வாங்கக் குழுவிடம் பணமில்லை, எம்-புக் (முடிந்த வேலையை அளந்து பதியும் ஏடு) எழுதவும் பில் போடவும் தெரியாது. முன்பணமும் கணக்குப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்த இடங்களில் குழுக்கள் உண்மையாக வேலை செய்தன. இன்னொரு நோய் மார்ச் நெரிசல். முதல் ஆறு மாதம் டெண்டரில் போய், கடைசி மூன்று மாதத்தில் எல்லா பில்லும் கருவூலத்தில் குவியும். வரிசையில் நிற்பவை அடுத்த ஆண்டுக்குத் தாவி, அடுத்த ஆண்டுப் பணத்தைத் தின்னும். மாவட்டக் குழு ஒப்புதலை ஏப்ரலுக்கு முன்பே வாங்கிவிடும் ஊராட்சிகளுக்கு மட்டும் மழைக்கு முன் சாலை வேலை முடிகிறது.

ஐந்தாம் நாள்: திருச்சூர், ஓர் அயல்கூட்டம்

கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தால் அயல்கூட்டம், வார்டில் அவற்றின் கூட்டமைப்பு, ஊராட்சியில் அதற்கு மேல் ஒன்று. நம் ஊர் மகளிர் குழுக்களுக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு உண்டு. அவர்கள் எழுதும் கிராம வறுமைக் குறைப்புத் திட்டத்தை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சேர்ப்பது பெரும்பாலும் இணையதளத்தில் பதிவேற்றுவதோடு நின்றுவிடுகிறது, பணம் ஒதுக்குவதில்லை.

இங்கே பார்க்க வேண்டியது குறுந்திட்டம், அதாவது ஒவ்வொரு ஏழைக் குடும்பத்துக்கும் தனியாக எழுதும் திட்டம். 2021-இல் தொடங்கிய அதீத வறுமை ஒழிப்புப் பணியில் மாநிலம் முழுவதும் 64,006 குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டன. உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கில் எது இல்லை என்று பார்த்தார்கள். 2025 நவம்பர் 1-இல் அதீத வறுமை நீங்கியதாக அரசு அறிவித்தது. கணக்கெடுத்த முறை பற்றிப் பொருளியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அந்த விவாதம் தேவையானது. ஆனால் குடும்பத்துக்கு ஒரு திட்டம் என்ற முறை எந்த மாநிலமும் எடுத்தாளத் தக்கது.

குறுந்திட்டத்தில் மூன்று கட்டம்: உடனடியாக, குறுகிய காலத்தில், நீண்ட காலத்தில். படுக்கையில் கிடக்கும் முதியவர் தனியாக வாழும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனடிக் கட்டத்தில் சமைத்த உணவு வீட்டுக்கே வர வேண்டும், மருந்தும் வலிதணிப்புச் செவிலியரும் வர வேண்டும். குறுகிய காலத்தில் ரேஷன் அட்டை, ஆதார், ஓய்வூதியம். நீண்ட காலத்தில் கூரை அல்லது காப்பகம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பான ஆள், பணம் வரும் தலைப்பு, முடிக்கும் தேதி. பணத் தலைப்பு எழுதாத வரியைக் குறுந்திட்டத்தில் சேர்க்கவே கூடாது.

தடுக்கி விழும் இடம் ஆவணம். முகவரி இல்லாததால் ரேஷன் அட்டை இல்லை, அட்டை இல்லாததால் ஓய்வூதியம் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. இதற்காகவே ‘அவகாசம் அதிவேகம்’ (மலையாளத்தில் ‘உரிமை விரைவாக’) என்று ஒரு முகாம் வரிசை நடத்தி, அலுவலர்கள் வீடு தேடிப் போய் ஆவணங்கள் கொடுத்தார்கள். பட்டியலில் பெயர் விடுபடுவதும் பெரும்பாலும் இதே ஆட்களுக்குத்தான்: புறம்போக்கில் இருப்பவர், ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர், மனநலம் குன்றித் தனியே வாழ்பவர். அயல்கூட்டத்தில்கூட அவர்கள் உறுப்பினராக இருக்க மாட்டார்கள், வாரச் சேமிப்புக்கு ஏது பணம்? ஆகவே பட்டியல் எடுக்கும்போது குழு உறுப்பினர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. ரேஷன் கடைக்காரர், ஆஷா பணியாளர், தபால்காரர் மூவரிடமும் தனித்தனியே கேட்டு, மூன்று பட்டியலையும் ஒப்பிட வேண்டும்.

நம் ஊரில் மார்ச் 22 சபைக்குப் போகிறவர்கள் ஊராட்சிச் செயலரிடம் ஒரு வாரம் முன்பே நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கலாம்: கணக்கு எண் 2-இன் இருப்பும் பாக்கியும், ஒவ்வொரு மோட்டாரின் கடைசிப் பன்னிரண்டு மாத மீட்டர் ரீடிங், நிதிக்குழு மானியத்தில் கட்டற்ற நிதி எவ்வளவு மீதம், ஆதார் இல்லாதவர் பட்டியல். ரீடிங் பதிவேடு இல்லையென்று சொன்னால், அன்றைய சபையின் முதல் தீர்மானமாக அதைத் தொடங்கச் சொல்லுங்கள். டேங்க் ஆப்பரேட்டருக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.